லாரி நெற்றியில் மகளின் பெயர்

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கடந்துபோகும் லாரிகளின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, பெண் பெயர்கள் வரிசையாக வரும். அம்மன் பெயர்கள் பாதி, மகள்களின் பெயர்கள் பாதி. வண்டி எடுக்கும்போது மகள் பெயரை எழுதினால் அதிர்ஷ்டம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் அப்பா கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு லாரி எடுத்தபோது அதன் நெற்றியில் என் பெயர் ஏறியது. மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். அந்தப் பெயர் நாக்பூர் போனது, இந்தூர் போனது, கொல்கத்தா போனது. என் பெயர் பார்த்த ஊர்களில் பாதியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அந்த லாரியில் நான் போனது ஒரே ஒரு முறை. பாடி கட்டிய பட்டறையிலிருந்து ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பூஜை போட எடுத்துப் போனபோது. எனக்கு ஒன்பது வயது. மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. என் தம்பி பத்தாம் வகுப்பு விடுமுறையில் கிளீனராக ஏறி நாக்பூர் வரை போய்வந்தான். திரும்பி வந்ததும் ஆரஞ்சுப் பழம் ஒரு பெட்டியும், இந்தியில் நாலு கெட்ட வார்த்தையும் கொண்டுவந்தான். நானும் ஒரு தடவை போகட்டுமா என்று கேட்டதற்குப் பாட்டி சொன்ன பதில்: “பொட்டப்புள்ளைக்கு லாரியில என்ன சோலி?”

இந்தக் கேள்வியை நான் நீண்ட காலம் பாட்டியின் அறியாமை என்று நினைத்திருந்தேன். பெண்கள் தனியாக நெடுந்தூரம் போகும் பயணப் புத்தகங்களையும் படங்களையும் தொடர்ந்து வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு சரியாக வைக்கப்பட்ட கேள்வி என்று புரிந்தது. அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. சொல்லாமலிருக்க அவற்றுக்கு வசதி இருக்கிறது. அந்த வசதி எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவெளியில் கேம்பர் வேனில் தனியாகப் போகும் பெண் என்பது இன்று உலகம் முழுவதும் அறிந்த ஒரு பிம்பம். பின்னால் படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. முன்னால் செம்மண். தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை சுமார் 2,700 கிலோமீட்டர் நீளும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. இரவில் வண்டியை ஓரம் கட்டி, நாற்காலியைப் போட்டு நட்சத்திரம் பார்க்கும் பெண். அவளை மகிழ்ச்சியாகக் காட்டும் எந்தப் படமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தப் பிம்பத்துக்கு ஒரு மூலப் பிரதி உண்டு. அதில் வேன் இல்லை, ஒட்டகம் இருக்கிறது. ராபின் டேவிட்சன் எழுதி 1980இல் வெளிவந்த ‘ட்ராக்ஸ்’.

குயின்ஸ்லாந்தில் பிறந்த டேவிட்சன் எழுபதுகளின் நடுவில், இருபத்தைந்து வயதை ஒட்டி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன ஊருக்கு வந்து சேர்கிறார். காட்டு ஒட்டகங்களைப் பிடித்துப் பழக்கி மேற்குக் கடல் வரை நடக்க வேண்டும் என்பது திட்டம். கையில் காசில்லை, ஒட்டகம் பற்றி ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஒட்டகப் பண்ணைகளில் வேலைசெய்து கற்றுக்கொள்கிறார். 1977இல் நான்கு ஒட்டகங்கள், டிக்கிட்டி என்ற நாய் இவற்றோடு புறப்பட்டு சுமார் 2,700 கிலோமீட்டர் நடந்து இந்தியப் பெருங்கடலை அடைகிறார். செலவுக்கு நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகை பணம் தருகிறது. அதற்கு ஈடாக ரிக் ஸ்மோலன் என்ற புகைப்படக்காரர் வழியில் அவ்வப்போது வந்து படமெடுக்கிறார். 2013இல் இது திரைப்படமானது. மியா வாசிகோவ்ஸ்கா டேவிட்சனாக நடித்திருந்தார்.

முதுகலை மாணவிகளோடு இந்தப் புத்தகத்தின் சில அத்தியாயங்களை வாசித்தபோது, நான் எதிர்பார்த்த விவாதம் துணிச்சலைப் பற்றியது. “எவ்வளவு தைரியம்” என்று தொடங்கி “நம்மால் முடியுமா” என்று முடியும் வழக்கமான விவாதம். சங்ககிரிப் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறி வரும் ஒரு பெண் கேட்டாள்: “ஏனுங்க மேம், இந்தக்கா ஒண்ணுக்குப் போக மறைவே தேட வேண்டியதில்லைங்களா?” வகுப்பு சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் அதுதான் அந்தப் புத்தகத்தின் மையம்.

டேவிட்சன் தன் பயணத்தின் பாதியில் உடைகளைத் துறந்து நடக்கிறார். மாதவிடாய்க் குருதி குறித்து ஊட்டப்பட்ட வெட்கம் தன்னைவிட்டுக் கழன்றுபோவதை எழுதுகிறார். இதை வாசிக்கும் பெண்கள் கொள்ளும் பரவசம் உண்மையானது. ஆனால் அந்த விடுதலை எதனால் சாத்தியமாகிறது? பார்ப்பதற்கு ஆளில்லை என்பதால். பார்வையே இல்லாத நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அவருக்குக் கிடைக்கிறது. நமக்கு ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் நடுவே ஒரு புதர் மறைவு கிடைப்பதில்லை. மாணவியின் கேள்வி தைரியத்தைப் பற்றியதல்ல, நில அமைப்பைப் பற்றியது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை வீடு திரும்பும் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியவள் கேட்கும் கேள்வி அது.

இதற்கான சான்று டேவிட்சனிடமே இருக்கிறது. அவருடைய இன்னொரு புத்தகத்தை, 1996இல் வந்த ‘டெசர்ட் பிளேசஸ்’ என்பதை, நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. அதில் அவர் இந்தியாவுக்கு வருகிறார். ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் ஒட்டகமும் ஆடும் மேய்த்து இடம்பெயரும் ரபாரி மக்களோடு நடக்கிறார். அதே பெண், அதே ஒட்டகத் திறமை, இன்னும் முதிர்ந்த எழுத்து. ஆனால் பயணம் நொறுங்குகிறது. எங்கே போனாலும் கூட்டம். எங்கே உட்கார்ந்தாலும் பார்வை. நோய், தூக்கமின்மை, எரிச்சல், பிறகு அந்த எரிச்சலுக்காகத் தன்மீதே வெட்கம். ‘ட்ராக்ஸ்’ கொண்டாடப்பட்டதைப் போல இது கொண்டாடப்படவில்லை. என் வாசிப்பில் இதுதான் கூடுதல் நேர்மையான புத்தகம். தன் முதல் புத்தகத்தின் விடுதலைக்குத் தன் மன உறுதி மட்டும் காரணமல்ல என்பதை, விரும்பியோ விரும்பாமலோ, இது நிறுவுகிறது. கூட நடந்த ரபாரிப் பெண்கள் அதே பார்வைகளுக்கு நடுவே பிள்ளை பெற்று, சமைத்து, மறுநாள் காலை மூட்டை கட்டுகிறார்கள். அவர்களை எந்தப் பத்திரிகையும் தனிப் பயணி என்று அழைத்ததில்லை.

அடுத்த கேள்வி, பாலைவெளி உண்மையில் ஆளில்லாததா என்பது.

டேவிட்சன் அப்படிச் சொல்லவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வெள்ளையர்கள் ஆதிக்குடிகளை நடத்தும் விதத்தை அவர் கடுமையாக எழுதியிருக்கிறார். வழியில் எடி என்ற பிட்ஜன்ஜாரா முதியவர் அவரோடு பல நாள் நடக்கிறார். அவர் வராவிட்டால் அந்த நிலத்தின் சில புனித இடங்களைக் கடப்பது இவருக்கு முடிந்திருக்காது. ஒட்டகம் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் சாலே மஹோமெட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தான் பக்கமிருந்தும் ஒட்டகங்களோடு கொண்டுபோகப்பட்ட, ‘ஆப்கான்கள்’ என்று மொத்தமாக அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர்களின் வழிவந்தவர். ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் முதல் லாரிக்காரர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். கம்பளியும் தண்டவாளமும் தந்திக் கம்பியும் அவர்கள் ஒட்டகத்தின் முதுகில்தான் போயின. மோட்டார் லாரி வந்ததும் ஒட்டகங்களை அவிழ்த்துவிட்டார்கள், அவை காட்டு விலங்காயின. அந்த மிச்சத்தைப் பிடித்துத்தான் டேவிட்சன் நடக்கிறார். ஆக, தனிப் பயணத்துக்கு அடியில் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. புத்தகம் அதை மறைக்கவில்லை. அட்டைப்படமும் திரைப்படமும் விளம்பரமும்தான் அதை அழித்துவிட்டு ஒற்றைப் பெண்ணையும் தொடுவானத்தையும் மட்டும் விட்டுவைக்கின்றன.

இதே பாலைவெளியில் நடந்த இன்னொரு பெண் பயணத்தை இதன் அருகில் வைத்து வாசிக்க வேண்டும். 1931இல் மோலி என்ற பதினான்கு வயதுச் சிறுமி, தங்கை டெய்சி, உறவுக்காரச் சிறுமி கிரேசி மூவரும் மேற்கு ஆஸ்திரேலியாவின் மூர் ரிவர் குடியிருப்பிலிருந்து தப்பித்தார்கள். ஆதிக்குடித் தாய்க்கும் வெள்ளைத் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகளை அரசு தாயிடமிருந்து பறித்துக்கொண்டுபோய் வளர்த்த காலம் அது. முயல் தடுப்பு வேலியைப் பிடித்துக்கொண்டு சுமார் 1,600 கிலோமீட்டர் நடந்தார்கள். கிரேசி வழியில் பிடிபட்டாள். மோலியும் டெய்சியும் ஜிகலாங் என்ற தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மோலியின் மகள் டோரிஸ் பில்கிங்டன் 1996இல் இதைப் புத்தகமாக எழுதினார். 2002இல் படமும் வந்தது. மோலி வளர்ந்த பிறகு மறுபடியும் அதே இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தப்பி நடந்தார். அந்த முறை விட்டுவிட்டுப் போக நேர்ந்த மூத்த மகள்தான் இந்த டோரிஸ்.

டேவிட்சன் வீட்டிலிருந்து வெளியே நடந்தார். மோலி வீட்டுக்கு நடந்தார். முதலாவது பயண இலக்கியம் என்ற அலமாரியில் வைக்கப்படுகிறது, இரண்டாவது வரலாறு என்ற அலமாரியில். யாருக்கு வீடு உறுதியாக இருக்கிறதோ அவளுக்குத்தான் வெளியேறுவது விடுதலையாக இருக்க முடியும். 2020 ஊரடங்கில் நெடுஞ்சாலைகளில் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக நடந்த பெண்களை யாராவது சாகசப் பயணி என்று சொன்னோமா? அவர்கள் நடந்ததும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்தான்.

1980 என்ற ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் மறக்க முடியவில்லை. ‘ட்ராக்ஸ்’ வெளிவந்த அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், உலுரு பாறைக்கு அருகே கூடாரமடித்துத் தங்கியிருந்த லிண்டி சேம்பர்லைன் என்ற பெண்ணின் ஒன்பது வாரக் குழந்தை அசாரியாவை டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிச் சென்றது. நாய் தூக்கிப்போனதை அவர் அன்றிரவே சொன்னார். நாடு நம்பவில்லை. அவர் கேமரா முன் அழவில்லை. போட்டிருந்த உடை சரியில்லை. கைக்குழந்தையைப் பாலைவனத்துக்குத் தூக்கிப்போன தாய் எப்படிப்பட்டவள்? 1982இல் குழந்தையைக் கொன்றதாக ஆயுள் தண்டனை. 1986இல் குழந்தையின் மேற்சட்டை கிடைத்த பிறகு விடுதலை. 1988இல் தீர்ப்பு ரத்து. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி முடிவாக எழுதியது 2012இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்.

ஒரே பாலைவெளி, ஒரே ஆண்டு. ஒரு பெண் நாயகியானார், இன்னொரு பெண் கொலைகாரியானார். ஒருவர் பிள்ளையில்லாமல் போனார், இன்னொருவர் பிள்ளையோடு போனார் என்பதை நான் தற்செயல் என்று கடந்துவிட மாட்டேன். தனியாகப் போகும் பெண்ணை மன்னிக்கத் தயாராக இருக்கும் சமூகம்கூட, தாயானவள் வீட்டைவிட்டு வெளியே படுப்பதை மன்னிப்பதில்லை. நம் ஊரில் பயணம் போகும் பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வி “புள்ளையை யார் பாத்துக்கறாங்க?” என்பதுதானே.

2001 ஜூலையில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையிலேயே நடந்தது இன்னொன்று. ஜோன் லீஸ் என்ற பிரிட்டிஷ் பெண்ணும் அவருடைய காதலர் பீட்டர் ஃபால்கோனியோவும் ஒரு பழைய கோம்பி வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். பாரோ க்ரீக் என்ற இடத்துக்கருகே இரவில் ஒருவன் கைகாட்டி நிறுத்தினான். காதலர் கொல்லப்பட்டார், உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. கைகள் கட்டப்பட்ட நிலையில் லீஸ் தப்பிப் புதருக்குள் பல மணி நேரம் பதுங்கியிருந்தார். கடைசியில் சாலையில் வந்த ஒரு பெரிய லாரியை நிறுத்தி உயிர் பிழைத்தார். ரோடு ட்ரெயின் என்று சொல்வார்கள், பல பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளும் லாரி. பிறகு நடந்தது நமக்குப் பழகிய கதை. இவளும் அழவில்லை, இவள் சொல்வதில் ஏதோ இடிக்கிறது, இவள்தான் ஏதாவது செய்திருப்பாளோ என்ற சந்தேகத்தைப் பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் வளர்த்தன. 2005இல் பிராட்லி முர்டாக் என்பவன் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை.

ஒரு லாரி ஓட்டுநரின் மகளாக அந்த லாரி நின்ற கணத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இருட்டில், கைகள் கட்டப்பட்ட ஒரு பெண் சாலையில் ஓடிவருகிறாள். ஓட்டுநர் நிறுத்துகிறார், கட்டை வெட்டுகிறார், நம்புகிறார். நம்புவதற்கு அவருக்கு அவளுடைய கண்ணீர் தேவைப்படவில்லை. பெண் தனியாகப் பயணம் போகலாமா என்று விவாதிக்கும்போது நாம் ஆபத்தைப் பற்றியே பேசுகிறோம். ஆபத்துக்குப் பிறகு அவள் சொல்வதை யார் நம்புவார்கள் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. பயம் ஒரு பெண்ணை வீட்டில் வைப்பதைவிட, நம்ப மாட்டார்கள் என்ற உறுதி அதிகமாக வைக்கிறது.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருகிறேன்.

லாரி என்பது எங்கள் ஊரில் வெறும் வண்டியல்ல. கேபினுக்குள் இருக்கைக்குப் பின்னால் படுக்கை உண்டு. டூல்ஸ் பெட்டியில் ஸ்டவ், அரிசி, மிளகாய்த்தூள். பக்கவாட்டில் தண்ணீர் கேன். மதியம் ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டி, சோறு வடித்து, வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து எழும் வாழ்க்கை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போட வடமாநிலங்களுக்குப் போய் மாதக்கணக்கில் வண்டியோடு வண்டியாகவே வாழ்கிறார்கள். கேம்பர் வேன் என்று உலகம் இன்று காதலிக்கும் ஏற்பாட்டை எங்கள் ஆண்கள் தலைமுறைகளாகக் கையில் வைத்திருக்கிறார்கள். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. வண்டி இருக்கிறது, சாலை இருக்கிறது, திறமை இருக்கிறது. பெண் மட்டும் இல்லை.

ஏன் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. லாரி கேபினில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் ஊர் அவளுக்கு ஒரே ஒரு பெயரைத்தான் வைத்திருந்தது. பாட்டி பயந்தது விபத்துக்கல்ல, அந்தப் பெயருக்கு. அந்தப் பெயரைச் சுமந்த பெண்கள் உண்மையில் இருந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் இரவில் நின்ற பாலியல் தொழிலாளிகள். இந்தச் சமவெளியின் இரவுச் சாலையை முழுதாக அறிந்த பெண்கள் அவர்கள் மட்டுமே. எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்கும், எந்த டாபாவில் தண்ணீர் தருவார்கள் என்ற அவர்களுடைய அறிவு எந்தப் பயண நூலிலும் ஏறவில்லை.

1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது பரிசோதிக்கப்பட்டது பாலியல் தொழிலாளிகளின் இரத்தம். பழியும் அவர்கள்மேலேயே விழுந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாமக்கல் என்ற பெயர் முட்டைக்கும் லாரிக்கும் அடுத்தபடியாக இந்த நோய்க்காக அறியப்பட்டது. வீட்டைவிட்டு எங்கும் போகாத பெண்களுக்குச் சாலை வீடு தேடி வந்தது. நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா லாரி ஓட்டுநரான உறவினரை மணந்து கொஞ்ச காலத்திலேயே தனக்குத் தொற்று வந்திருப்பதை அறிந்தார். அவர் ஒளியவில்லை. 1998இல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ அமைப்பைச் சில பெண்களோடு சேர்ந்து தொடங்கி, மேடைகளில் தன் பெயரைச் சொல்லிப் பேசினார். எங்கள் ஊரின் பெண் பயணக் கதை என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஆண் போன தூரத்துக்கெல்லாம் பெண் உடல் விலை கொடுத்தது. பிறகு அந்த உடலை எடுத்துக்கொண்டு அவளே வெளியே கிளம்பினாள்.

தமிழ்த் திரை இந்தப் பக்கத்தைத் தொட்டதில்லை. பெண்கள் பயணம் போகும் படமென்று உடனே நினைவுக்கு வருவது பிரம்மா இயக்கிய ‘மகளிர் மட்டும்’, 2017. ஜோதிகா நடித்த பிரபாவதி புல்லட் ஓட்டுகிறாள், தனக்கு மாமியாராக வரப்போகும் பெண்ணையும் அவளுடைய பள்ளித் தோழிகளையும் தேடிச் சேர்த்துப் பயணம் அழைத்துப் போகிறாள். ஊர்வசி, சரண்யா, பானுப்பிரியா மூவரும் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே அதை நான் இரண்டு முறை பார்த்தேன். ஆனால் கவனித்தால், நடுத்தர வயதுப் பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப ஒரு குடும்ப உறவு பாலமாகத் தேவைப்படுகிறது. வருங்கால மருமகள் கூட்டிப் போவதால் அது பாதுகாப்பான மீறல். ஒரு பெண் யாரிடமும் காரணம் சொல்லாமல் தனியே கிளம்பும் படத்தை எடுக்க நாம் இன்னும் தயங்குகிறோம்.

திரைக்கு வெளியே கிளம்பியவர்கள் உண்டு. 1993இல் தமிழ்நாடு அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் ஏறிய குமரி மாவட்டத்து வசந்தகுமாரி. கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதற்காக லாரி ஓட்டத் தொடங்கிய, சட்டம் படித்த போபாலின் யோகிதா ரகுவன்ஷி. கணவரோடு மாறி மாறி ஓட்டிக் காஷ்மீர் வரை சரக்கு லாரியில் போய்வந்த கோட்டயத்தின் ஜலஜா ரதீஷ். இவர்கள் எல்லோரும் வேலை என்ற வாசல் வழியாகவோ குடும்பம் என்ற வாசல் வழியாகவோதான் சாலைக்கு வந்தார்கள். இன்ப உலா என்ற வாசல் இங்கே பெண்ணுக்கு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சாலையில் பெண் இருப்பது வழக்கமாவதற்கு வேலைதான் உறுதியான வழி என்று இப்போது நினைக்கிறேன். வேடிக்கை பார்க்க வந்தவளைத் துரத்திவிடலாம். லோடு கொண்டுவந்தவளை இறக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, டேவிட்சனின் தோளில் உலகத்தின் எல்லாப் பெண்களையும் ஏற்றிவிட்டேனோ என்று எனக்கே ஒரு சங்கடம். அவர் யாருக்கும் முன்மாதிரியாக இருக்கக் கிளம்பவில்லை. பத்திரிகைப் பணத்தை வாங்கியதால் தன் பயணம் தன்னுடையதாக இல்லாமல் போனதை அவரே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். ‘ஒட்டகப் பெண்மணி’ என்று தன்னை மாற்றிய விளம்பரத்தை வெறுத்தார். அவருக்கு எதிராக அல்ல, அவரை வாசிக்கும் முறைக்கு எதிராகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அவருடைய புத்தகத்தில் நான் திரும்பத் திரும்பப் போகும் பகுதி நடைப்பயணம் அல்ல. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள். படம் அதை விரைவாகக் கடந்துவிடுகிறது. புத்தகத்தில் அது கணிசமான பகுதி. கட்டளையிட்டே பழகிய முதலாளிகளிடம் வேலைசெய்வது, ஒட்டகத்தின் மூக்கணாங்கயிறு, சேணம் தைப்பது, புண்ணுக்கு மருந்து போடுவது, எது பயந்த ஒட்டகம், எது மதம் பிடித்த ஒட்டகம் என்று கண்டுகொள்வது. தைரியம் என்று நாம் பெயர் வைப்பதில் பெரும்பங்கு இந்த வேலைப்பழக்கம்தான். என் தம்பி நாக்பூர் போய்வந்தபோது கற்றுக்கொண்டதும் இதைத்தான். ஸ்டெப்னி மாற்றுவது, தார்ப்பாய்க் கயிறு இழுத்துக் கட்டுவது, ஏர் பிரேக் சத்தத்தில் கோளாறைக் கேட்பது. எனக்கு மறுக்கப்பட்டது நாக்பூர் மட்டுமல்ல, அந்தப் பழக்கமும்தான். முப்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றபோது கியர் மாற்ற என் கை நடுங்கியது. நான் கோழை என்று நினைத்து வெட்கப்பட்டேன். அது கோழைத்தனமல்ல, பழகாத கை.

ஆகவே மாணவிகளிடம் இப்போதெல்லாம் நான் இந்தப் புத்தகங்களை வேறு கேள்விகளோடு வாசிக்கக் கொடுக்கிறேன். இவள் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் எடுத்தாள், யார் கற்றுக்கொடுத்தார்கள்? இவள் போகும் நிலம் யாருடையது? இவளுக்குத் திரும்பிவர வீடு இருக்கிறதா? இவளுக்கு ஏதாவது நடந்தால் இவள் சொல்வதை நம்புவார்களா? இவள் எங்கே ஒண்ணுக்குப் போனாள்? கடைசிக் கேள்வியைக் கேட்ட பெண் படிப்பை முடித்துவிட்டு இப்போது ஈரோட்டில் வேலையில் இருக்கிறாள். ஸ்கூட்டியில் போய்வருகிறாள். வழியில் எந்தெந்தப் பெட்ரோல் பங்க்கில் பெண்கள் கழிப்பறை பூட்டாமல் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருப்பதாகவும், தோழிகளுக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னாள். எனக்கும் அனுப்பினாள். நான் வாசித்த பயண எழுத்துகளில் மிகவும் பயனுள்ளது அதுதான்.

அப்பா லாரியை விற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வாங்கியவர் நெற்றியில் தன் மகளின் பெயரை எழுதிக்கொண்டிருப்பார். அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபது வயது இருக்கலாம். அவள் ஒருநாள் அந்தக் கேபினில் ஏறி, பெயர் போன ஊருக்கெல்லாம் தானும் போகவேண்டும் என்று கேட்டால் அவளுடைய பாட்டி என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. என்ன சோலி என்று கேட்டால், சொல்வதற்கு அவளிடம் ஒரு பதில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என் தம்பியை யாரும் அப்படிக் கேட்கவில்லை.